விரதம் இருந்த விருந்தாளிங்க

செத்துத்தான் போயிருக்கும்க்கா. பேப்பர்ல அப்படிப் போட மாட்டாங்க. நல்லா இருக்கு, மேல சுத்திக்கிட்டு இருக்குன்னுதான் போடுவாங்க. ஒரு நாயப் புடிச்சுக் கட்டி, டப்பாவுல வெச்சு வானத்துக்கு வுட்டுட்டானாம் ரஷ்யாக்காரன். போறியான்னு அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பானா? அந்தப் படத்தப் பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. வெக்கமா இருக்கு.

சிரிங்க. நாய் மேல போனா ஒனக்கு என்னா வெக்கம்னுதானே? மேல இருக்கறவங்க அதப் பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?

சாமியச் சொல்லலக்கா. சாமிக்கு நம்ம லட்சணம் எப்பவோ தெரியும். நான் சொல்றது மத்தவங்கள.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. தெங்கேரா தாண்டுற வரைக்கும்தான் இந்தப் புழுக்கம், அப்பறம் கடக்காத்து வந்துரும். எஸ்டேட்டுக்கா? ஆமா, இந்த பஸ்ஸுதான்லா. கடசி ஸ்டாப்பு. யாரு வீட்டுக்கு? நல்லமுத்து வீடா? மாடு வெச்சிருப்பாரே, வாய் திக்கும், அவருதானே? தெரியும். இந்தக் கரையில அவரத் தெரியாதவங்க யாரு. ஓ, ஒங்க பையனுக்குக் கமலவேணியவா பாத்திருக்கீங்க. நல்ல பொண்ணுக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்.

மொதல்ல தஞ்சோங் கிளிங்ல எறங்கணுமா. எதுக்கு?

ம்ம். அந்த அப்பக்காரியப் பாக்கவா.

கேள்விப்படாம இருப்பீங்களா? ஊரே சொல்லும். கமலவேணியோட அப்பனுக்கு வெளிய ஒரு பொம்பள இருந்துச்சு, சோறு கட்டிக்கிட்டுப் போயி போலிஸ்ல மாட்டுனான், அப்படின்னு. இதனாலதான் அந்தப் பொண்ணப் பாத்துட்டுப் போனவங்க யாருமே திரும்பி வரல. நீங்களாச்சும் அந்த அப்பக்காரி எப்படிப்பட்டவன்னு கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்திருக்கீங்க. நியாயந்தான். நான் குத்தம் சொல்லல. ஆனா எறங்கறதுக்கு முன்னால நடந்தத சொல்லிடறேன், கேட்டுக்கங்க. பஸ்ஸு உருட்டிக்கிட்டுத்தானே போவுது.

இந்தப் பக்கத்த வெள்ளப் பகுதி, கம்யூனிஸ்ட்டு இல்லாத எடம்னு சொல்லி கட்டுப்பாடெல்லாம் எடுத்தாங்க பாருங்க, அதுக்கு முன்னால. டாரூராட்டு, அதான் அவசரகாலச் சட்டம், ரொம்ப முத்திப் போயிருந்த நேரம். டவுன்ல ஒங்களுக்கு அரிசிக் கார்டோட போச்சு. எஸ்டேட்டுல அப்படி இல்ல. லயத்து வீடுங்களச் சுத்தி முள்ளுக்கம்பி. போவ வர ஒரே கேட்டு. காலைல வேலைக்குப் போறப்ப ஆம்பளைய ஆம்பள தடவிப் பாப்பான், பொம்பளையப் பொம்பள தடவிப் பாப்பா. காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுக்கு யாரும் சோறு கொண்டு போயிறக் கூடாதாம். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போறவங்க தன் வயித்துக்குன்னு ஒரு உருண்ட கொண்டு போவ முடியாதுக்கா. பால் வாளியக் கவுத்துப் பாப்பான். சைக்கிள் டயர அமுக்கிப் பாப்பான். வெறும் வயித்துல வெட்டி, வெறும் வயித்துல பால் தூக்கி, கேட்டுக்குள்ள வந்த பெறகுதான் வாயில எதையும் வைக்கணும். சோத்தோட மாட்டுனா ஜெயிலு. இல்லன்னா கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவான். அங்க நமக்கு யாரத் தெரியும்?

நல்லமுத்து அப்ப அங்க மரம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்க இன்னும் பாத்ததில்லல்ல? ஒசரமான ஆளு. ஆனா கூனிக்கிட்டே நடப்பாரு. பேச்சு வராததுனால வந்த கூனுன்னு நெனைக்கறேன். அவரு ஒரு வார்த்தைய வெளிய எடுக்கறதுக்குள்ள எதிர்ல நிக்கறவங்க அத முடிச்சுக் குடுத்துருவாங்க. கடையில போயி தே... தே...ன்னு தேத்தண்ணி கேப்பாரு. தேங்கா ரொட்டியான்னு கேட்டு கடக்காரன் கொண்டாந்து வெச்சுருவான். இவரும் சரின்னு தலையாட்டித் தின்னுட்டு, தாகத்தோட வீட்டுக்கு வருவாரு. அந்த மாதிரி மனுசன். அவரு திக்காம பேசறது மாடுங்ககிட்ட மட்டுந்தான், அதுவும் வாயத் தொறக்காம.

மதியத்துக்கு மேல புல்லறுக்க வெளிய போறதுக்கு அவருக்கு ஒரு பாஸ் குடுத்திருந்தாங்க. எஸ்டேட்டு முடிஞ்சு கடல் பக்கம் எறங்குற எடத்துல ஒரு சதுப்பு இருக்கு, லாலாங் புல்லு ஆளு ஒசரத்துக்கு. அங்கதான் போவாரு. ஒரு நாளு குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருக்காரு, பின்னால மூச்சு வுடற சத்தம். நம்ம மாடுதான் அவுத்துக்கிட்டு வந்துருச்சுன்னு நெனச்சு திரும்பாமலே கைய நீட்டிருக்காரு. உள்ளங்கையில ஒரு மூக்கு வந்து உக்காந்துச்சாம். ஈரமா, ஜில்லுன்னு.

ஒடனே தலைக்குள்ள ஒரு பேச்சு. வணக்கங்க, நாங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம், ஒங்களுக்குத் தொந்தரவு இல்லையேன்னு. யாரு கொரலுன்னு நெனைக்கறீங்க? அவரு கொரலேதான். ஆனா திக்கல. தன் கொரலு அப்படித் தண்ணி மாதிரி ஓடி அவரு அன்னிக்குத்தான் கேட்டாரு. பயமே வரலையாம்க்கா. அழுகதான் வந்துச்சாம்.

குடிக்கற ஆளு இல்ல. கேட்டுப் பாருங்க யார வேணும்னாலும். மாரியம்மன் கோயில் திருவிழாவுல கூட கள்ளத் தொட மாட்டாரு.

மூணு பேரு. காட்டுல தெனோக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, யானைக்குக் குட்டி மூக்கு வெச்ச மாதிரி? கிட்டத்தட்ட அப்படி. கன்னுக்குட்டி ஒசரம். ஒடம்பெல்லாம் சாம்பல் நெறத்துல பஞ்சு மாதிரி முடி. காது மட்டும் வாழக்குருத்து மாதிரி நீளமா மடிஞ்சு தொங்கும். வந்த வண்டி தோலுரிச்ச பலாப்பழம் மாதிரி வழவழன்னு சதுப்புல பாதி முங்கிக் கெடந்துச்சாம். அவங்களுக்கு அதுதான் வேலையாம், வானத்துல ஊர் ஊராப் போயிப் பாக்கறது. புடிக்கறதுக்கு இல்ல, தோண்டி எடுக்கறதுக்கும் இல்ல. எழுதி வைக்கறதுன்னே கெடையாது. அந்தந்த ஊர்க்காரங்க கையால ஒரு வேள சாப்புடணும், அந்த வாசத்த மூக்குல புடிச்சு வெச்சுக்கணும், வீட்டுக்குப் போயி அங்க இருக்கறவங்க மூக்கோட மூக்கு வெச்சுக் குடுக்கணும். அவ்ளோதான். கேக்காம ஒரு எலையக் கூடக் கிள்ள மாட்டாங்க. சதுப்புல அட்ட ஏறிக் கடிச்சா, அது குடிச்சு முடிச்சு எறங்கற வரைக்கும் அசையாம நிப்பாங்களாம். அதுக்கு எடஞ்சலா இருக்குமேன்னு.

ஆனா ஒண்ணு. சாப்பாடு கெடைக்காத ஊரு அவங்க கணக்குல சேராது. போவவே இல்லன்னு ஆயிரும். நீங்களும் நானும் இந்த பஸ்ஸும் இந்தக் கடலும் எல்லாமே இல்லன்னு ஆயிரும்.

இப்ப நல்லமுத்து நெலமைய நெனச்சுப் பாருங்க. நம்ம சனங்க எப்படி? வாசல்ல யாரு வந்து நின்னாலும் வாங்க, சாப்டீங்களான்னுதானே கேப்போம். இல்லாத வீட்டுலயும் அதக் கேட்டுட்டுத்தான் மத்த பேச்சு. அவரு அதக் கேக்கல. கேட்டா குடுக்கணுமே. எதக் குடுப்பாரு? அப்ப அந்த மூணு பேருல ஒருத்தரு மொள்ள மூக்க வெச்சு, எப்பங்க சாப்பாடுன்னு கேட்டிருக்காரு. பசியோட கேக்கல, வேலையில ஒரு பகுதிங்கற மாதிரி.

எங்களச் சுத்தி வேலி போட்டிருக்கான், ஒரு கை சோறு வெளிய எடுத்துட்டு வர முடியாதுன்னு சொல்லணும். நாக்கு பொரண்டாலும் அந்த வார்த்த வரலயாம்க்கா. அவங்கட்டதான் திக்காதே, நெனச்சாப் போதுமே. நெனைக்கவே வெக்கமாப் போச்சு. இன்னிக்கு எங்க ஊருல விரதம்னு சொல்லிட்டாரு.

அப்படியா, நல்லது, அப்ப நாங்களும் விரதம் இருக்கறோம்னு மூணு பேரும் கால மடிச்சு உக்காந்துட்டாங்களாம்.

சிரிப்பு வருதுல்ல? அவருக்கும் மொத நாளு சிரிப்புத்தான் வந்துச்சு. மறுநா என்னா சொல்றது? இன்னிக்கு வெள்ளிக்கெழமன்னாரு. அப்பறம் அமாவாசன்னாரு. சஷ்டி, கார்த்திக, ஏகாதசி எல்லாத்தையும் வரிசையா எறக்குனாரு. நம்ம விரதமெல்லாம் தீந்து போயி மலாய்க்காரங்க புவாசாவக் கடன் வாங்கினாரு. அதுக்கும் மேல சீனங்க சாமிக்கு இருக்கற விரதத்தையும் சேத்துக்கிட்டாரு. அவங்க அசந்து போயிட்டாங்களாம். இவ்ளோ பக்தியான ஊர நாங்க எங்கயுமே பாக்கலன்னு சொன்னாங்களாம். அதக் கேட்டுட்டு எப்படிக்கா வீட்டுல வந்து சோத்துல கை வைக்க முடியும்? அவருக்கும் எறங்கல.

அந்தக் கம்பி வேலி எதுக்குன்னும் கேட்டிருக்காங்க. புலிக்குன்னாரு. புலி உள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு கேட்டாங்களாம். ஒண்ணும் வெகண்டயா இல்ல, தெரிஞ்சுக்கத்தான். நம்மாளு புல்லக் கட்டித் தலையில வெச்சுக்கிட்டு, மாட்டுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டாரு.

நாளாவ நாளாவ அவங்க காது வாடிப் போச்சு. பஞ்சு முடிக்குள்ள எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. சின்னவருக்கு எந்திரிச்சு நிக்கவே முடியல. இனிமே பொறுக்கக் கூடாதுன்னு ஒரு நாளு மதியம் நல்லமுத்து சுடுசோத்த வாழ எலையில வெச்சு, துணி சுத்தி வயித்துல கட்டிக்கிட்டாரு. மேல சட்ட. வயிறு வெந்து கொப்பளம் போட்டுச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தாரு. வெறும் சோறா இருந்தா தப்பிச்சிருப்பாருக்கா. விருந்தாளிக்கு எப்படி வெறும் சோத்தக் குடுக்கறதுன்னு கருவாட்டு சம்பலையும் வெச்சாரு பாருங்க. கேட்டுல நின்ன மாத்தா, அந்தப் போலிஸ்காரன், மூக்க உறிஞ்சுனான். அவ்ளோதான்.

காலைல ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல நிக்க வெச்சுட்டாங்க. மொத்த லயமும் கூடிருச்சு. அவரு சம்சாரம் பாக்கியலட்சுமி ஒரு பக்கம் நிக்கறாங்க. கமலவேணி சின்னப் புள்ள, அம்மா சேலையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு வெள்ளக்கார ஆபிசர் நாக்காலி போட்டு உக்காந்திருக்கான். எஸ்டேட்டுக் கணக்கெழுதுற கிராணி பேச்ச மாத்திச் சொல்றாரு. யாருக்கு இந்தச் சோறு? ஒழுங்கா சொல்லு.

அவரு நெசத்தச் சொல்லத்தான் வாயத் தொறந்தாரு. மூணு பேரு இருக்காங்க, நல்லவங்க, பசியோட இருக்காங்கன்னு சொல்லணும். மூ... மூ...ன்னு ஆரம்பிச்சாரு. வரல. கன்னத்துல ஒண்ணு வுழுந்துச்சு. மறுபடி மூ... மூ... அப்ப அந்தக் கிராணி சொல்றாரு, யாரு, முனியாயியா?

களமே சிரிச்சுச்சு.

முனியாயி யாருன்னு பாக்கத்தானே நீங்க எறங்கப் போறீங்க. கடலோரத்துல அப்பம் சுட்டு விக்கறவ. புருசன் படகுல போயி திரும்பி வரல. புள்ள இல்ல. தனியா இருந்தா. வேலி போடறதுக்கு முன்னால நல்லமுத்து எப்பவாச்சும் பால் ஊத்தப் போறப்ப அவ கட வழியாப் போவாரு, தலையாட்டுவாரு, இவளும் ஆட்டுவா. அதத் தவிர ஒண்ணும் கெடையாது. கிராணி வாயில அவ பேரு எப்படி முந்திக்கிட்டு வந்துச்சு தெரியுமா? ஒரு தடவ அப்பம் வாங்கற சாக்குல கையப் புடிச்சாரு, சூடான கரண்டியால வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அந்தத் தழும்பு அவருக்கு இன்னும் மணிக்கட்டுல இருக்கும், பாக்கறதா இருந்தா பாத்துக்கங்க.

நல்லமுத்து எப்பவும் போலத் தலையாட்டிட்டாரு. தேங்கா ரொட்டிக்கு ஆட்டுன மாதிரி. ஆட்டுன பெறகுதான் என்னா பண்ணோம்னு ஒறச்சிருக்கு. பாக்கியலட்சுமி முந்தானையால மொகத்த மூடிக்கிட்டாங்க. அவரு இல்ல இல்லன்னு தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டறாரு, யாரு பாக்கறது?

வெள்ளக்காரன் வுடுவானா? நேரா ஜீப்புல ஏத்தி தஞ்சோங் கிளிங்குக்குக் கொண்டாந்துட்டான், அவகிட்டயே கேட்டுருவோம்னு.

அவ சட்டி முன்னால உக்காந்திருக்கா. அப்பத்தான் மாவு ஊத்தி சுத்தி மூடி வெச்சா. ஜீப்பு வந்து நிக்குது. கையில வெலங்கோட நல்லமுத்து எறங்கறாரு. ஒதடு வீங்கியிருக்கு. கிராணி இளிச்சுக்கிட்டே கேக்கறாரு, இந்தாளு கம்யூனிஸ்ட்டுக்குச் சோறு கொண்டு போனான்னு புடிச்சிருக்காங்க, ஒனக்குத்தான்னு சொல்றான், உண்மையா? நல்லமுத்து அவளப் பாக்கறாரு. காப்பாத்துன்னு பாக்கலக்கா. இல்லன்னு சொல்லிருன்னு பாக்கறாரு. தலைய லேசா ஆட்டவும் செஞ்சாரு.

அவ என்னா சொன்னா தெரியுமா? ஆமா, எனக்குத்தான், எங்கடா இன்னும் காணோம்னு பாத்துக்கிட்டு இருந்தேன்னா.

கிராணிக்கு சப்புன்னு போச்சு. அப்பம் சுடறவளுக்கு எதுக்குடி சோறுன்னு மடக்கப் பாத்தாரு. தெனம் அப்பம் சுடறவ அப்பத்தையே திம்பாளான்னு கேட்டா. அத இங்கிலீசுல சொன்னதும் வெள்ளக்காரன் தொடையத் தட்டிச் சிரிச்சான். வெலங்க அவுத்து வுடச் சொல்லிட்டான். போறப்ப ஏதோ சொன்னான், கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. என்னா சொன்னான்னு அவளுக்கு யாரும் மாத்திச் சொல்லல. சொல்லவும் வேணாம்.

ஏன் அப்படிச் சொன்னாளா? அதான் தெரியல. பெருசா யோசிச்சு எல்லாம் சொல்லலக்கா. இல்லன்னா ஒரு மனுசன் கப்பல் ஏறணும். ஆமான்னா ஒரு பொம்பள பேரு போவணும். சட்டியில அப்பம் கருகிக்கிட்டு இருக்கறப்ப இதையெல்லாம் உக்காந்து எட போட முடியுமா? வாயில வந்துருச்சு.

ஆனா பேரு போறதுன்னா என்னான்னு அவளுக்கு மறுநாதான் தெரிஞ்சுச்சு. காலைல வாங்க வர்ற பொம்பளைங்க ஒருத்தி கூட வரல. ஆம்பளைங்க வந்தாங்க, வேற மாதிரி சிரிச்சுக்கிட்டு. கோயில்ல அவ நின்ன பக்கம் எடம் காலியா இருந்துச்சு. கூடப் பொறந்த அண்ணன் எனக்குத் தங்கச்சியே இல்லன்னு சொல்லிட்டாரு. பாக்கியலட்சுமி டவுன் லாரியில வந்து எறங்கி, ஒரு வார்த்த பேசாம ரெண்டு கையாலயும் மண்ண அள்ளி மாவுப் பானையில போட்டுட்டுப் போனாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியுமா? ஜைனுதீன் நானா கடையில அவரு சம்சாரம் ஜொஹரா மட்டும் எப்பவும் போல அரிசி மாவு அளந்து குடுத்து, எப்பவும் போல அப்பம் வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் கேக்கல. அந்த ஒரு வீடுதான்.

அங்க நல்லமுத்துக்குப் பாஸப் புடுங்கிட்டாங்க. புல்லறுக்கப் போவ முடியாது. ஞாயித்துக்கெழம டவுன் லாரி வந்தப்ப ஏறி, தஞ்சோங் கிளிங்ல எறங்கி அவ கட முன்னால வந்து நின்னாரு. பாக்கறவங்க பாக்கட்டும்னு நின்னாரு பாருங்க, அதுக்கே தெம்பு வேணும். மன்னிச்சிருன்னு சொல்லப் போறாருன்னு அவ நெனச்சா. அவரு சொன்னது அது இல்ல. அ... அவங்க... ப... பசியா இருக்காங்கன்னாரு.

முழுக் கதையையும் சொன்னாரு. வெயில் சாயற வரைக்கும் ஆச்சு. அவ நடுவுல ஒரு வார்த்த கூட முடிச்சுக் குடுக்கல. அவரு எடுத்து வைக்கட்டும்னு உக்காந்திருந்தா. வித்துப் போவாத அப்பம் பக்கத்துல மலை மாதிரி கெடந்துச்சு, வேற என்னா வேல அவளுக்கு?

நம்புனாளான்னா, நம்பல. பாவம் அடி வாங்குனதுல புத்தி கலங்கிருச்சுன்னுதான் நெனச்சா. ஆனாலும் போன பேரு போயிருச்சு, ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்தா என்னா கொறஞ்சுரும்? மறுநா புதுசா சுட்டு, தேங்காப் பால் புழிஞ்சு, சக்கர போட்டுக் கூடையில எடுத்துக்கிட்டா. கம்போங் கம்போங்கா, ஊர் ஊராப் போயி அப்பம் விக்கறவள யாரு நிறுத்துவா? கடல் பக்கமா நடந்து அந்த லாலாங் காட்டுக்குள்ள பூந்துட்டா.

இருந்தாங்க.

மூணு பேரும் கால மடிச்சு, கண்ண பாதி மூடி உக்காந்திருந்தாங்க. சின்னவரு தலைய பெரியவரு முதுகுல சாச்சு வெச்சிருந்தாரு. அவளப் பாத்ததும் மருவாதைக்கு எந்திரிக்கப் பாத்தாங்கக்கா. முடியல. அவ அப்படியே சேத்துல மண்டி போட்டு அப்பத்த எடுத்து நீட்டுனா. அவங்க வாயத் தொறக்கல. மூக்கத்தான் நீட்டி அவ உள்ளங்கையில வெச்சாங்க. தலைக்குள்ள அவ கொரல்லயே ஒரு கேள்வி. விரதம் முடிஞ்சுதான்னு.

அவளால தாங்க முடியல. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா. விரதமே இல்லங்க, பொய்யி. எங்கள வேலி போட்டு வெச்சிருக்காங்க, சோத்துக்குக் கேட்டுல காவல் வெச்சிருக்காங்க, அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அந்தாளு ஒங்களப் பட்டினி போட்டுட்டாருன்னு.

தெரியும்னாங்க.

ஆமாக்கா. மொத நாளே தெரியுமாம். வானத்துலேர்ந்து மோப்பம் புடிச்சு வர்றவங்களுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் சாயந்தரமானா ஒல கொதிக்கற வாசம் வராதா? எந்த வீட்டுல கருவாடு, எந்த வீட்டுல கீர, எல்லாம் தெரியுமாம். அப்பறம் ஏங்க இப்படிக் கெடந்தீங்கன்னா அவ. நாங்க தெரிஞ்சுக்கிட்டோம்னு தெரிஞ்சா அவரு வெக்கப்படுவாரேன்னாங்க.

ஒரு நிமிசம் இருங்கக்கா. காத்துல தூசி.

சாப்டாங்க. எல்லாத்தையும் சாப்டாங்க. சின்னவருக்கு விக்கல் எடுத்து நிக்கவே இல்ல, ஒவ்வொரு விக்கலுக்கும் காது ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடும். அவ தேங்காப் பால உள்ளங்கையில ஊத்திக் குடுத்தா. ஒவ்வொருத்தரும் அவ கையையும் ஒரு தடவ மோந்து வெச்சுக்கிட்டாங்க. அப்பறம் அந்தப் பலாப்பழம் சதுப்புலேர்ந்து மொள்ளக் கெளம்பி, கொக்கு பறக்கற மாதிரி சத்தமில்லாமப் போயிருச்சு. நம்ம ஊரு கணக்குல சேந்துருச்சு.

ஆனா ஒரு வெக்கக்கேடு. அன்னிக்கு அவசரத்துல அப்பத்துக்கு அடி கருகிப் போச்சு. மேல இப்ப நம்ம பூமின்னாலே அந்தக் கருகல் வாசந்தானாம். எத்தன நட்சத்திரத்துல மூக்கோட மூக்கு வெச்சு அதக் குடுத்திருப்பாங்களோ. நெனச்சா இப்பவும் தூக்கம் வராது. இன்னும் கொஞ்சம் தீயக் கொறச்சிருக்கலாம்.

நல்லமுத்து அடுத்த ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தடவ வந்தாரு. சாப்டாங்களான்னு கேட்டாரு, வயிறு நெறயன்னு அவ சொன்னா. அவங்க சொன்னத மட்டும் சொல்லல, மொதல்லயே தெரியும்னாங்களே, அத. சம்சாரத்துக்கிட்ட நடந்ததச் சொன்னீங்களான்னு அவ கேட்டா. சொல்லப் போனாராம். பாக்கியம்னு கூப்புட பா... பா...ன்னு ஆரம்பிச்சிருக்காரு. பாவிதான் நான், ஒனக்கு வாக்கப்பட்ட பாவின்னு அந்தம்மா முடிச்சுட்டாங்களாம். இவரும் தலையாட்டிட்டாரு. அதோட சரி. அப்பறம் அவரு இந்த ரோட்டுல நடக்கறதையே வுட்டுட்டாரு.

இத வெளிய சொல்ல முடியுமா? அப்ப சொன்னா, யாருக்கோ சோறு போனது உண்மைதான்னு ரெண்டு பேரையும் உள்ள வெச்சிருப்பான். இப்ப சொன்னா பைத்தியம்பாங்க. நீங்க என்னா நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியல. நெனைக்கறத நெனச்சுக்கங்க. அந்த அப்பக்காரி பைத்தியம்னே வெச்சுக்கங்க. ஆனா அந்த வீட்டு ஆம்பளைக்கு வேற பொம்பள இருந்ததில்ல. அந்தப் பொண்ணு சுத்தமான வீட்டுப் பொண்ணு. அத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுப் போயி பாக்கு வெத்தல மாத்துங்க.

மணிய அடிக்காதீங்கக்கா, உக்காருங்க. எறங்கி என்னா பண்ணப் போறீங்க? அதோ, தென்ன மரத்துக்குப் பின்னால தகரக் கூர தெரியுதுல்ல, அதான் நீங்க கேட்ட வீடு. கதவு சாத்தியிருக்கு பாருங்க. நீங்க ஆள் வுட்டு விசாரிச்சதையும், இன்னிக்குத் தேடி வரப் போறதையும் ஜொஹரா நேத்தே சொல்லிட்டா. அதான் இன்னிக்கு அடுப்பு பத்த வைக்கல, காலைலயே தெங்கேராவுக்கு வந்து நின்னேன். பூட்டித்தான் இருக்கும். சாவி எங்கிட்ட இருக்கு.

நானும் கடசி ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன். அந்தம்மா மண்ணள்ளிப் போட்ட அன்னிக்கு நான் தல நிமிரவே இல்ல. அவங்க மொகம் எனக்குத் தெரியாது. நீங்கதான் காட்டணும்.